பனியில் உறங்கிய ஐனியின் தாய்

வாய்மை என்னும் அறம் கைக்கொள்ள எளியது போலத் தோன்றும். ஈகைக்குக் கையில் பொருள் வேண்டும். வீரத்துக்கு எதிரே பகை வேண்டும். வாய்மைக்கோ ஒரு நாவும் ஒரு நொடியும் போதும். ஆனால் அந்த ஒரு நொடியில், சின்னஞ்சிறு பொய் ஒன்றைச் சொன்னால் பெற்ற குழந்தை மடிக்குத் திரும்பும், சொல்லாவிட்டால் திரும்புமோ திரும்பாதோ என்ற நிலை வந்துவிட்டால், அப்போது தெரியும் அதன் எடை. அந்த எடையைத் தன் நாவில் தாங்கி நின்றவள் ஒருத்தி உண்டு. தூலிக்கி என்பது அவள் பெயர். பின்லாந்தின் வடபகுதியில் ஓவ்லு நகரத்து நூலகப் பேருந்தை ஓட்டுகிறவள்.

மூவாயிரம் புத்தகங்களைச் சுமந்துகொண்டு காட்டுப்பாதைகளில் செல்லும் வண்டி அது. ஓட்டுவதும் அவளே, நிறுத்தத்துக்கு நிறுத்தம் புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் அவளே. ஓர் இலையுதிர் காலத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு பண்ணைவீட்டின் தபால்பெட்டி இடிபட்டுச் சாய்ந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஆளில்லை. தூலிக்கி வண்டியை நிறுத்திவிட்டு அரை மைல் சேற்றில் நடந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

"யாரும் பாக்கலியேம்மா, இதுக்குப் போயி இவ்ளோ தூரம் நடந்து வந்தியா?" என்றார் பண்ணைக்காரர்.

"நான் பாத்தேனே" என்றாள் அவள்.

இது பெரிய தவம் என்று அவள் எண்ணியதில்லை. அவள் இயல்பே அப்படி. பணிமனைத் தோழி மர்கெத்தா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்: "புதுச் சட்ட போட்டுட்டு வந்தா தூலிக்கிகிட்ட மட்டும் எப்படியிருக்குன்னு கேட்டுடாதீங்கடீ. கேட்டா, அன்னிக்கு அழுதுக்கிட்டேதான் வீட்டுக்குப் போகணும்."

அவளுக்கு முப்பத்து மூன்று வயதில் ஐனி பிறந்தாள். பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து பகல் உறக்கம் வெளியில்தான். குழந்தைநல மையத்துச் செவிலி, வெளியில் உறங்க வைக்கிறாயா என்று கேட்கவில்லை. எத்தனை மணி நேரம் உறங்குகிறாள் என்றுதான் கேட்டாள். அந்த மையத்தின் முன்னாலேயே எட்டுக் குழந்தை வண்டிகள் கூரைமேல் பனி படிய வரிசையாக நிற்கும். தாய்மார் உள்ளே காபி அருந்திக்கொண்டிருப்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை தடையில்லை. கம்பளியில் ஒரு சட்டை, அதன்மேல் இன்னொன்று, ஆட்டுத்தோல் பை, தலைக்குக் குல்லாய். பிடரியில் விரல் வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவே கணக்கு. வண்டிக்குள் குழந்தையின் காலடியில் பேபி மானிட்டரின் ஒரு பாதி. மற்றொரு பாதி தாயின் பையில். அழுதால் ஒலிக்கும் கருவி என்று பெயர்; நல்ல கருவியானால் மூச்சும் கேட்கும். தூலிக்கியினுடையது நல்ல கருவி. ஐனியின் மூச்சைக் கேட்டபடியே அவள் பாத்திரம் கழுவுவாள், துணி மடிப்பாள், அந்த மூச்சின் தாளம் மாறினாலே கை நின்றுவிடும்.

ஐனிக்கு ஏழு மாதம் ஆனபோது கணவன் தபானிக்கு அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. காகித ஆலை இயந்திரங்களுக்கு உருளை பொருத்தும் தொழிலாளி அவன். விஸ்கான்ஸின் மாநிலத்து ஆப்பிள்டன் நகரில் ஓர் ஆலைக்கு ஐந்து வார வேலை. தூலிக்கிக்கோ பேறுகால விடுப்பு இன்னும் மிச்சம் இருந்தது. மூவரும் புறப்பட்டார்கள்.

மூட்டை கட்டும்போது அவள் முதலில் எடுத்துவைத்தது மானிட்டரை. அதன் மின்னேற்றியின் அடிப்பகுதியில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தை விளக்கடியில் பிடித்துப் படித்து, நூற்றுப்பத்து வோல்ட்டுக்கும் அது தாங்கும் என்று உறுதி செய்துகொண்டாள். உருண்டைக் கம்பி செருகியை அமெரிக்கத் துளைக்குப் பொருத்தும் மாற்றியைக் கடையில் வாங்கினாள். பெட்டியில் வைத்தால் பெட்டி தொலையலாம் என்று கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள்.

"வேற ஊருக்குத்தானே போறோம், போருக்கா போறோம்?" என்று தபானி சீண்டினான்.

"உன்னோட திருப்புளிப் பெட்டிய விட்டுட்டு வா பாப்போம்" என்றாள் அவள். அவன் அந்தப் பெட்டியை எடுத்து மூட்டையில் வைத்தான்.

ஆப்பிள்டனில் மாடிக் குடியிருப்பு. பின்புறம் சிறு பால்கனி. முதல் பத்து நாளும் ஐனி அங்கே உறங்கினாள்; தூலிக்கி சமையலறை மேசையில் கருவியை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். பால்கனி தெருவைப் பார்க்காததால் யாரும் கண்டதில்லை, யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பதினொன்றாம் நாள் அவளுக்கு மனித முகம் பார்க்க ஆசை வந்தது. கம்பளிகளைச் சுற்றிக் குழந்தையை வண்டியில் கிடத்தி, கடைத்தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

முனையில் ஒரு காபிக் கடை. ஐனி அதற்குள் உறங்கிவிட்டாள். கடைத்தெருவில் காற்று அறைந்தது. பக்கச் சந்தில் கடைச்சுவரை ஒட்டிக் காற்றில்லாத இடம் ஒன்று இருந்தது. வண்டியை அங்கே நிறுத்திச் சக்கரத்துப் பூட்டை மிதித்தாள். பிடரியில் விரல் வைத்தாள். வெதுவெதுப்பு. கருவியின் ஒரு பாதியைக் காலடியில் செருகிவிட்டு, மறுபாதியோடு உள்ளே போய் உட்கார்ந்தாள். கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. அதை அவள் குறையாகவே நினைக்கவில்லை. காபிக் கோப்பையின் பக்கத்தில் ஐனி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தைந்து நிமிடம் கடந்தது. இரண்டாவது கோப்பைக்காகக் கருவியைக் கையில் பிடித்தபடியே அவள் வரிசையில் நின்றபோது, அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"ஐயோ கடவுளே… கண்ணு… உன்ன யாரும்மா இங்க விட்டுட்டுப் போனது?"

தூலிக்கி புன்னகைத்தாள். ஊரிலும் போகிறவர் வருகிறவர் வண்டிக்குள் எட்டிப்பார்த்து இரண்டு வார்த்தை கொஞ்சிவிட்டுப் போவது வழக்கம்தானே. அந்தக் குரல் மேலும் பேசியது. ஆங்கிலத்தில், விரைவாக. அவள் காதில் விழுந்த சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருளாக மாறச் சற்று நேரம் பிடித்தது.

"டெப்! ஓடி வா! குழந்த! தனியா கெடக்குது… இல்ல, இல்ல, உயிரோட இருக்கு, மூச்சு வருது! வா, நம்ம கடைக்குத் தள்ளிட்டுப் போயி போலீஸுக்குப் போன் போடறேன்."

பூட்டு விடுபடும் ஒலி. அந்த ஒலியை அவள் எந்தக் கனவிலும் அறிந்துகொள்வாள். நாளுக்குப் பத்துமுறை தன் காலால் எழுப்பும் ஒலி. பிறகு சக்கரங்கள் கல்பாதையில் கடகடத்தன. ஐனியின் மூச்சு ஒருமுறை கேட்டது. மறுமுறை பாதி கேட்டது. அதன்பின் வெறும் இரைச்சல். பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. தொடர்பு அற்றுப்போனதென்று கருவி பீப் பீப் என்று கூவத் தொடங்கியது.

அவளுடைய மேலங்கி நாற்காலியிலேயே கிடந்தது. வாசலில் தட்டேந்தி நின்ற ஒருவரை இடித்துக்கொண்டு, மன்னிப்புக்கூடக் கேட்காமல் வெளியே பாய்ந்தாள். சந்துக்குத் திரும்பினாள்.

சுவர் இருந்தது. சுவரோரம் வண்டி நின்ற இடம் இருந்தது. வண்டி இல்லை.

கண் பார்த்ததை நெஞ்சு ஏற்க மறுத்தது. தவறான சுவரைப் பார்க்கிறோமோ என்று கடையின் மறுபக்கத்துக்கு ஓடினாள். மீண்டும் இங்கேயே ஓடிவந்தாள். நடைபாதையில் உப்புத் தூவிப் பனி கரைத்திருந்ததால் சக்கரத் தடமும் இல்லை. ஒரு மனிதர் நாயோடு நடந்து போனார். தபால் வண்டி ஒன்று நின்று புறப்பட்டது. உலகம் ஒன்றும் நடவாதது போல் இருந்தது. அதுவே அவளை மேலும் கலங்கச் செய்தது. தன் குழந்தையை ஒருவர் எடுத்துக்கொண்டு போகலாம் என்ற எண்ணம், முப்பத்து மூன்று ஆண்டு வாழ்வில் ஒருமுறைகூட அவள் மனத்தை எட்டிப் பார்த்ததில்லை. இப்போது அது வந்தது.

கையில் கருவி இன்னும் கூவிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். பார்த்தவளுக்குச் சட்டென்று ஓர் அறிவு வந்தது. இடப்பக்கம் இருபது அடி ஓடினாள். கூவல் மாறவில்லை. திரும்பி வலப்பக்கம் ஓடினாள். முக்குக்குப் போனதும் கூவல் நின்று இரைச்சலாயிற்று. அடுத்த தெருவுக்குள் நுழைந்தாள். இரைச்சலுக்கு நடுவே எதுவோ உறுமியது. விட்டது. மீண்டும் உறுமியது. தலைமுடி உலர்த்தும் இயந்திரத்தின் ஓசை! அதற்கும் மேலே, மெலிந்து, கிழிந்து, ஐனியின் அழுகை.

பெற்ற குழந்தை அழுவதைக் கேட்டு ஒரு தாய் அவ்வளவு மகிழ்ந்ததை யார் கண்டிருப்பார்கள்! சிவப்பு பச்சையானது. பச்சை நிலைத்து நின்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தாள். பெண்களுக்கான பார்லர் ஒன்று. கதவருகே அவளுடைய வண்டி.

உள்ளே முடிச்சாயத்துக்காகத் தலையில் வெள்ளித்தாள் சுற்றிய இரண்டு பெண்கள், ஈரமுடியோடு ஒருத்தி, கையில் சீப்போடு கடையின் உதவியாள் டெப். நடு நாற்காலியில் ஐம்பது வயதுப் பருத்த பெண்ணொருத்தி ஐனியை மார்போடு அணைத்திருந்தாள். அவள்தான் கடைக்காரி டார்லா. ஐனியின் குல்லாயும் மேற்கம்பளியும் கழற்றப்பட்டிருந்தன. குழந்தை முகம் சிவந்து அலறியது.

"என் குழந்தை" என்று கை நீட்டினாள் தூலிக்கி.

"அங்கேயே நில்லு!" என்றாள் டார்லா. "ஒரு அடி முன்னால வெச்சே, நடக்கறதே வேற. எங்க போயிருந்தே நீ?"

"காபி குடிச்சேன்."

"காபி குடிச்சாளாம்!" டார்லா மற்றப் பெண்களைப் பார்த்தாள். "கேட்டீங்களா? ரோட்டுல குழந்தையப் போட்டுட்டு மகராசி காபி குடிச்சாளாம்!"

"தூங்கறதுக்கு விட்டேன். நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்." கருவியைத் தூக்கிக் காட்டினாள். கருவி டார்லாவின் அடுத்த வசவை அரை நொடி பிந்தித் திருப்பிச் சொல்லியது. வெள்ளித்தாள் பெண்களில் ஒருத்தி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

ஐனி தாயைக் கண்டு இரண்டு கைகளையும் நீட்டித் துள்ளினாள். அழுகை கேட்டதும் தூலிக்கிக்குப் பால் சுரந்து சட்டையின் முன்புறம் நனைந்தது. டார்லாவின் பார்வை அங்கே விழுந்தது. முகம் ஒரு கணம் தளர்ந்து பழையபடி இறுகிற்று.

"அம்மாதான் போல. அதனாலதான்டி எனக்கு இன்னும் பத்திக்கிட்டு எரியுது. போன வருஷம் கோடையில இதே தெருவுல கார்ல வெச்சுப் பூட்டிட்டுப் போன குழந்தைய, கண்ணாடிய ஒடச்சு நான்தான் வெளிய எடுத்தேன். அதோட மூஞ்சி இன்னும் என் கண்ண விட்டுப் போகல. போலீஸ் வரட்டும். அதுவரைக்கும் குடுக்க மாட்டேன்."

தன் குழந்தை பத்தடி தொலைவில் பிறர் கையில் கதற, கைகட்டி நிற்க நேர்ந்தது தூலிக்கிக்கு. இந்தப் பெண் திருடியல்லள், கொடியவளும் அல்லள். குழந்தையைக் காப்பாற்றுவதாகவே நம்புகிறாள். தன்னிடமிருந்து காப்பாற்றுகிறாள்! அந்த உண்மை நெஞ்சில் ஏறியதும் அவள் தலைகழுவும் தொட்டியோரத்து நாற்காலியில் அப்படியே அமர்ந்துவிட்டாள். போனில் தபானியை அழைத்தாள். ஆலை இரைச்சலுக்கு நடுவே தங்கள் மொழியில் நடந்ததைச் சொன்னாள். அவன் யாரிடமோ கேட்டுவிட்டுத் திரும்ப வந்தபோது குரலே மாறியிருந்தது.

"தூலிக்கி, நல்லாக் கேளு. இங்க கூட வேலை செய்யறவன் சொல்றான், இந்த ஊர்ல இதுக்குக் குழந்தையவே எடுத்துட்டுப் போயிருவாங்களாம். நீ ஒரே நிமிஷம்தான் உள்ள போனேன்னு சொல்லு. கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே இருந்தேன்னு சொல்லு. ஆயிரம் தடவ உன் வழிக்கே விட்டிருக்கேன். இந்த ஒரு தடவ. நான் இதோ கிளம்பிட்டேன்."

அவள் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. உள்ளே வந்தவர் டெட்லாஃப் என்னும் இளம் போலீஸ் அதிகாரி. பனிக்குச் சிவந்த மூக்கு, சாந்தமான கண்கள். டார்லா கொட்டித் தீர்த்ததை முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு தூலிக்கிக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, குறிப்பேட்டைத் திறந்தார்.

"மேடம், பதறாதீங்க. நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு சொல்லுங்க. காபி வாங்க ஒரு நிமிஷம் உள்ள போனீங்க. இல்லியா? குழந்தை கண்ணு முன்னாலயேதான் இருந்துச்சு. அப்படித்தானே?"

அவர் ஒரு கதவைத் திறந்து பிடித்திருக்கிறார் என்பது அவளுக்கு விளங்கியது. ஆம் என்ற ஒரு சொல்லில் அதைக் கடந்து போய்விடலாம். கணவன் வேண்டியதும் அதையே. ஐனியின் விக்கல் கேட்டது. தூலிக்கியின் தொண்டையில் அந்தச் சொல் வந்து நின்றது. நின்றதேயன்றி வெளியே வரவில்லை.

"இல்ல சார்" என்றாள். "ஒரு நிமிஷம் இல்ல. நாப்பத்தஞ்சு நிமிஷம். கண்ணாடியில ஆவி. பாக்கல, பாக்க முடியல. காதால கேட்டேன். மறந்துபோயி விடல. வேணும்னுதான் விட்டேன்."

உலர்த்தும் இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். டெட்லாஃபின் பேனா தாளைத் தொட்டபடி நின்றது.

"இதுக்கு முன்னாடியும் இப்படி…?"

"தினமும். இங்க பத்து நாளா எங்க பால்கனியில. எங்க ஊர்ல பொறந்த மூணாவது வாரத்துலேருந்து."

"மூணாவது வாரமா!" என்று டார்லா வாய் பிளந்தாள்.

"எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான். எங்கம்மா என்னையும் அப்படித்தான் விட்டாங்க. குளிர்ல நல்லாத் தூங்கும். இங்க அது தப்புன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன். ஆனா ஒரு நிமிஷம்னு சொன்னா அது பொய் சார்."

தொழிலில் அதிகாரி கேட்டுப் பழகியதெல்லாம் ஒரு நிமிடக் கதைகள்தாம். எழுந்து சற்றுத் தள்ளிப்போய்த் தொலைபேசியில் குழந்தைநல அலுவலகத்தை அழைத்தார். பாதிப் பேச்சு தூலிக்கியின் காதில் விழுந்தது. "ஆமா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க… வெளிநாடு… சரி… இன்னிக்கு ராத்திரிக்கு வேற வீடா? எத்தன நாள்?"

வேறு வீடு. தூலிக்கி அந்தச் சொல்லைத் தன் மொழியில் மாற்றிப் பார்த்தாள்; அதிலும் அதே பொருள்தான். பால்குடி மறவாத குழந்தை, பேர் தெரியாத யார் வீட்டுத் தொட்டிலிலோ. உண்மை சொன்ன நாவை அறுத்தெறியலாம் போல் வந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெறாமல் உட்கார்ந்திருந்தாள்.

டெட்லாஃப் போனைக் காதில் வைத்தபடியே டார்லாவிடம் திரும்பினார். "டார்லா, அவங்க ஒண்ணு கேக்கறாங்க. போன்ல குழந்தை நீலம் பாரிச்சுப் போச்சுன்னு சொன்னீங்க. தூக்குனப்ப எப்படி இருந்தா? எழுதிக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

டார்லா மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். எதிரே நாற்காலியில் வெளுத்துப்போய் அமர்ந்திருந்தவளைப் பார்த்தாள்.

"அவ சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள் மெதுவாக. "நீயே எடுத்துக் குடுத்தியே டெட்லாஃப், ஒரு நிமிஷம்னு. நானா இருந்தா சொல்லியிருப்பேன். இவ சொல்லலியே."

"நான் கேட்டது குழந்தையப் பத்தி."

"அதத்தான்டா சொல்ல வரேன். நீலம்னு சொன்னது பயத்துல வந்துருச்சு. அந்த கார்ல பாத்த மூஞ்சி என் கண்ணுல இருந்துச்சு. நெசம் என்னன்னா, பையிக்குள்ள கைய விட்டுப் பாத்தேன், இப்பதான் அடுப்புலேருந்து எடுத்த ரொட்டி மாதிரி கதகதன்னு இருந்தா. நிம்மதியாத் தூங்கிட்டிருந்தா. என் கைதான் ஐஸு. நான் இங்க கொண்டுவந்து துணியக் கழட்டித் தூக்குன அப்பறம்தான் அழுதா." குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "எழுதிக்கோ. அப்படியே எழுதிக்கோ."

டெட்லாஃப் அப்படியே எழுதினார். எழுதியதைப் போனில் படித்தார். மறுமுனையில் யாரையோ கலந்து பேசக் கால் மணி நேரம் கேட்டார்கள். அந்தக் கால் மணியில் அவர் தூலிக்கியின் கையிலிருந்த கருவியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நெசமாவே மூச்சு கேக்குமா?"

"வெளிய போயிக் கேளுங்க சார்" என்று சொல்லி, வண்டியிலிருந்த பாதியை எடுத்து டார்லாவின் மடியில் குழந்தையருகே வைத்தாள்.

கருவியோடு அவர் தெருவுக்குப் போய்ச் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் நின்றார். சற்று நேரத்தில் திரும்பி வந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"மூச்சு கேட்டுது" என்றார். "நான் அந்தாண்ட போனதும் டார்லா சொன்னதும் கேட்டுது. எனக்கு இன்னும் எங்கம்மாதான் முடி வெட்டி விடறாங்கன்னு."

"வெட்டறாங்கதானே!" என்றாள் டார்லா.

வெள்ளித்தாள் பெண்கள் சிரித்துவிட்டார்கள். தூலிக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் போனின் மேலேயே இருந்தது.

போன் ஒலித்தது. அதிகாரி பேசி முடித்துவிட்டு அவள் முன் வந்து நின்றார். குழந்தைக்கு ஊறு இல்லை; தாய் எதையும் மறைக்கவில்லை. ஆகவே எச்சரிக்கையோடு விடுகிறார்கள். நாளை ஓர் அலுவலர் குடியிருப்புக்கு வந்து பார்ப்பார்.

"ஒரு உறுதி மட்டும் வேணும் மேடம். இனிமே குழந்தையத் தனியா வெளிய விட மாட்டேன்னு."

உயிரே திரும்பி வந்த அந்த வேளையிலும் அவள் உடனே ஆம் என்று சொல்லவில்லை. யோசித்தாள்.

"இந்த நாட்டுல இருக்கற வரைக்கும் விட மாட்டேன்" என்றாள். "எங்க ஊருக்குப் போனா விடுவேன்."

டெட்லாஃப் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இந்தம்மாவ என்ன செய்யறதுன்னே தெரியல. சரி. உங்க ஊரு என் எல்லைக்குள்ள வராது."

டார்லா எழுந்துவந்து ஐனியைத் தாயின் மடியில் வைத்தாள். மன்னிப்பும் கேட்கவில்லை, கடிந்தும் பேசவில்லை; குல்லாயைத் தேடி எடுத்துக் குழந்தையின் தலையில் தானே மாட்டிவிட்டாள். தூலிக்கி அங்கேயே அமர்ந்து பாலூட்டினாள். ஐனி குடித்தபடியே உறங்கிப்போனாள். தபானி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"என்ன சொன்னே?" என்று கேட்டான்.

"நடந்தத."

அவன் முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு அவள் மடியில் குழந்தை இருப்பதைப் பார்த்தான். பார்த்தவன் அந்த ஈரத்தரையிலேயே மண்டியிட்டு அமர்ந்துவிட்டான்.

மறுநாள் வந்த அலுவலர் ஐனியின் எடையையும் கம்பளிகளையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார், அதன்பின் வரவில்லை. எஞ்சிய நாள்களில் ஐனி வீட்டுக்குள் உறங்க மறுத்துச் சிணுங்கினாள். தூலிக்கி சொன்ன சொல் தவறாமல், வெளியே வண்டியருகிலேயே இரண்டிரண்டு மணி நேரம் பனியில் நின்றாள். அப்போதும் மானிட்டரை அணைக்க அவளால் முடியவில்லை. குழந்தை கண்முன்னே இருக்க, கையில் அதன் மூச்சையும் கேட்டபடி நின்றாள். கருவி ஒருமுறை கரகரத்தாலும் குனிந்து வண்டிக்குள் பார்ப்பாள்.

பங்குனி பிறக்கையில் ஓவ்லுவுக்குத் திரும்பினார்கள். விடுப்பிலேயே தோழிகளைப் பார்க்கப் பணிமனைக்குப் போனவள், காபி வேளையில் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். பூட்டு விடுபட்ட ஒலியைச் சொல்லும்போது மர்கெத்தா கோப்பையை மேசையில் வைத்துவிட்டாள். சாளரத்துக்கு வெளியே ஐனியின் வண்டி பனியில் நின்றது.

"இப்ப விட்டுட்டு வந்திருக்கியே, பயமா இல்லியாடி?" என்று கேட்டாள் மர்கெத்தா.

"இருக்கு" என்றாள் தூலிக்கி. "முன்ன இல்ல. இப்ப இருக்கு. நாலு தடவ வெளிய போயிட்டு வந்துட்டேன்." சொல்லிவிட்டு ஐந்தாம் முறையாக எழுந்து போனாள். பிடரியில் விரல் வைத்துப் பார்த்தாள். திரும்பி வந்து, ஆறிப்போன காபியை அருந்தினாள்.

அவள் மனை வாழ்க. அம்மனையின் அடுப்பில் தீ அவியாதிருக்க. உருளை தூக்கும் அவள் கொழுநன் கரம் ஊறின்றி மாலைதோறும் மீள்க. பனி பொழியும் முற்றத்தில் அவள் மகள் துயிலும் துயிலை எக்கையும் கலைக்காதிருக்க. அம்மகள் விழிக்கும்தோறும் முதற்கண் தாய்முகமே காண்க. அஞ்சக் கற்ற அந்நெஞ்சினின்றும் அச்சம் பனிபோல் உருகி ஒழிக. மெய் விளைந்த அந்த நாவும், அது விளங்கும் அவ்வில்லமும், வழிவழி நீடு வாழ்க.